மரத்துக்குப் போட்ட ஆணி வேர்

அந்த டீச்சரோடு மூன்று வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தவள் நான். அதற்காகவே அரசாங்கம் எனக்குத் தனியாக ஏதாவது சலுகை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

கல்வராயன் மலைக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வந்த காலம் அது. கரியாலூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம். நான் கணக்கு டீச்சர், அவர் அறிவியல் டீச்சர். நான் தியாகதுருகத்துக்காரி. அவருக்குச் சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம், என்னைவிடப் பத்து வயது மூப்பு. மலையில் தனியாகக் குடியிருக்கப் பயந்துகொண்டு நானேதான் போய், "சேந்து இருந்துக்கலாமா டீச்சர்?" என்று கேட்டேன். என் வாயால் கேட்டது. யாரையும் குறை சொல்ல வழியில்லை.

கேட்பதற்கு முன்னால் யோசித்திருக்கலாம். அதற்கு முந்தின வாரமே அவரைப் பஸ்ஸில் பார்த்திருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆள் உயரத்துக்கு ஒரு மக்காச்சோளச் செடி. வேரோடு, வேரைச் சுற்றியிருந்த மண்ணோடு, ஈரச் சாக்கில் கட்டியது. கண்டக்டர் வந்து செடியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? இதுக்கு டிக்கெட்டா, லக்கேஜா?"

"பாடங்க. பசங்களுக்குப் பாடம்."

கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மலை வளைவுகள் ஆரம்பித்ததும் டீச்சர் சாக்கின் ஒரு முனையை என் மடியில் வைத்தார். "கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா டீச்சர்? கணுவுலேர்ந்து கீழ எறங்குது பாருங்க, அது முட்டு வேரு. ஆடி ஒடிஞ்சிட்டா அப்புறம் பசங்க இன்னாத்தப் பாக்கும்?" என் புதுப் புடவை முழுக்கச் செம்மண். அந்தக் கறை கடைசி வரை போகவில்லை. அப்படியும் போய்ச் சேர்ந்து இருக்கலாமா என்று கேட்டேன் என்றால் என்னை என்ன சொல்வது?

வீட்டில் எங்களுக்கு இருந்தது நாலு டம்ளர். நாலிலும் தண்ணீர் ஊற்றி மேலே வெங்காயத்தை உட்கார வைத்திருப்பார். வேர் இறங்குவதைப் பார்க்கவாம். காலையில் காபி குடிக்க டம்ளரைத் தொட்டால், "ஐயோ அத எடுக்காதீங்க, இன்னிக்கு மூணாவது நாளு" என்று அலறுவார். நான் மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அரிசி களையும் சட்டியில் மல்லாட்டைச் செடி, அதுதான் வேர்க்கடலை, ஊறிக்கொண்டிருக்கும். வேரில் மணி மணியாக இருக்கிற முடிச்சுகளை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்ப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறதாம், அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். ஜன்னல் கம்பியில் ஈரத்துணி தொங்கும், அதற்குள் அவரைக்கொட்டை முளைத்துக்கொண்டிருக்கும். என் ஜாக்கெட்டை உலர்த்த இடம் இருக்காது.

சாப்பிடும்போதாவது சும்மா இருப்பாரா?

"வேரு நுனியில ஒரு மூடி கீது டீச்சர். மண்ண நோண்டிக்கினு போகச்சொல்ல அது தேஞ்சிக்கினே இருக்கும். உள்ளேர்ந்து புதுசா வந்துக்கினே இருக்கும். நுனி மட்டும் சேதம் ஆவாது. இன்னா ஏற்பாடு பாருங்க!"

"சாம்பார் ஆறுது டீச்சர்."

"வேருக்குக் கண்ணு இல்ல, காது இல்ல. தண்ணி எந்தப் பக்கம்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

"எனக்கும்தான் தெரியல. சாப்புடுங்க."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "பாத்தீங்களா, சொல்றீங்களா?" மாற்றல் லிஸ்ட் வந்துவிட்டதாம் டீச்சர் என்றால், "பாத்தீங்களா, சொல்றீங்களா?" கிளார்க் சொன்னார் என்றால், "அப்ப சொல்றீங்க" என்று முடித்துவிடுவார். குழம்பில் உப்புக் கம்மி என்றால்கூட நான் நாக்கில் வைத்துப் பார்த்தேனா, நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேனா என்று விசாரணை நடக்கும். எனக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்று தரகர் சொன்னதாக அம்மா கடிதம் எழுதியிருந்தார். ஆசையாக வாசித்துக் காட்டினேன். டீச்சர் வெங்காய வேரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாத்தாரா, சொல்றாரா?" என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அந்த வரன் வேறு காரணத்தால் கலைந்தது. ஆனாலும் கோபம் கோபம்தான்.

பிடுங்குவது என்ற காரியமே அவருக்கு ஆகாது. ஒரு தடவை மேலதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று ஹெட்மாஸ்டர் இவரைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வைத்து முன்பக்கத்துப் புல்லைச் சுத்தம் செய்யச் சொன்னார். அரை நாள் வேலை. அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கும்போது முக்கால் வாசிப் புல் அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பக்கெட்டுகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கொத்தையும் சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுத்து, பக்கெட் தண்ணீரில் அமிழ்த்தி, மண் தானாகக் கரைகிற வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்.

ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "நான் புல்லப் புடுங்கச் சொன்னேனா, குளிப்பாட்டச் சொன்னேனாம்மா?"

"புடுங்குனா கையில வர்றது வேரு இல்லீங்க சார். தண்ணி குடிக்கிறதெல்லாம் நுனியில மயிராட்டம் கீற தூவிங்கதான். நாம இழுக்கச்சொல்ல அதெல்லாம் மண்ணுலயே அறுந்து நின்னுடுது. வாய உட்டுட்டு ஆள மட்டும் இழுத்துக்கினு வந்தா எப்படிங்க சார்?"

அதிகாரி சிரித்துவிட்டதால் தப்பித்தோம்.

இனி சிவப்பு மை. விடைத்தாள் திருத்துவதற்கென்று கள்ளக்குறிச்சியில் வாங்கிவந்த புது பாட்டில். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், பாட்டில் காலி. என் மை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து நிற்கிறது, அதில் ஒரு காசித்தும்பைச் செடி. தண்டுக்குள் சிவப்புக் கோடு கோடாக ஏறியிருக்கிறது. "பாருங்க டீச்சர், எப்படி ஏறுது பாருங்க!" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறார். பதின்மூன்று கட்டு விடைத்தாள் மேஜையில் கிடக்கிறது. மலையில் மைக்கு எங்கே போவேன்? பென்சிலில் திருத்தினேன். ஹெட்மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை ஐந்து நாள் பேச்சு நின்றது.

அந்த ஐந்தாவது நாள்தான் சார்ட் வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. எனக்குக் கொஞ்சம் கை வரும் என்பதால் எல்லாப் படமும் என் தலையில். வேர் வகைகள் என்று அறிவியல் சார்ட் ஒன்று வேண்டும். பாடப் புத்தகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அவரைச் செடி, அதன் அடியில் ஆணி வேர். அவ்வளவுதான். ஆள் படுக்கிற அளவு சார்ட்டில் ஒரு அவரைச் செடியைப் போட்டால் யார் பார்ப்பார்கள்? நான் மரம் போட்டேன். பெரிய பலா மரம், காய்களோடு. கீழே பாதி சார்ட் காலியாக இருந்தது. அடிமரத்தின் உயரத்துக்குச் சமமாக ஆணி வேரை நேராகக் கீழே இறக்கினேன். பக்க வேர்களை இரண்டு பக்கமும் நாலு நாலு மெல்லிய கோடு இழுத்து விட்டேன். பாகங்களின் பெயர்களை எழுத இடம் வேண்டுமே.

டீச்சர் பின்னால் வந்து நின்றார். ஐந்து நாளைக்கப்புறம் முதல் பேச்சு.

"மரத்துக்கு இவ்ளோ ஆழமா போவுமா டீச்சர்? நீங்க பாத்தீங்களா?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "முக்கால் அடிச் செடிக்கு அரை அடி ஆணி வேரு. நாப்பது அடி மரத்துக்கு எவ்ளோ? இது அஞ்சாங் கிளாஸ் கணக்கு டீச்சர். இதுக்கும் நோண்டிப் பாக்கணுமா?"

வெகு நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு, "சரிங்க டீச்சர். நல்லா கீது" என்றார். மூன்று வருஷத்தில் அவர் பார்க்காமல் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். என்னோடு சமாதானமாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் ஒத்துக்கொண்டார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

சார்ட்டின் வலது மூலையில் 'வரைந்தவர்' என்று என் பெயரைச் சின்னதாக எழுதினேன். கண்காட்சி முடிந்ததும் ஹெட்மாஸ்டர் அதை வகுப்பிலேயே நிரந்தரமாக மாட்டச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் வரைந்தார்கள். மலைப் பிள்ளைகள் ஒன்றையும் விடமாட்டார்கள். காய் எத்தனையோ அத்தனை, கோடு எத்தனையோ அத்தனை. மூலையில் இருந்த என் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். டீச்சர் 'மிக நன்று' என்று போட்டுக் கொடுத்தார். இரண்டு செட் பிள்ளைகள் அப்படியே படித்து வெளியே போனார்கள்.

மூன்றாம் வருஷம் ஆடி மாதக் காற்றில் மலை ரோட்டில் ஒரு பெரிய கடுக்காய் மரம் சாய்ந்து வழி மறித்துவிட்டது. நாங்கள் வந்த பஸ் நின்றது. ஆண்கள் கோடாலி வாங்கிவர ஓடினார்கள். டீச்சர் என் குடையைப் பிடுங்கிக்கொண்டு நேராக மரத்தின் அடிப்பக்கம் போனார். வேரும் மண்ணும் சேர்ந்து முறத்தை நிமிர்த்தி வைத்தது போல நிற்கிறது, இரண்டு ஆள் உயரம். அடியில் குழி முழங்கால் அளவு. டீச்சர் அதில் இறங்கிவிட்டார்.

"டீச்சர், ஆணி வேரு எங்க?"

"அறுந்து உள்ள நின்னிருக்கும், மேல வாங்க."

"பாத்தீங்களா, சொல்றீங்களா?"

என் குடையின் முனையால் குழியைக் குத்திக் குத்திப் பார்த்தார். எங்கே குத்தினாலும் பாறை. குடைக்கம்பி வளைந்தது. தொடைப் பருமனுக்கு இருந்த பக்க வேர்களைப் பிடித்துக்கொண்டு, அவை மண்ணுக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கின்றன என்று அடி எடுத்து வைத்து அளந்தார். மரம் நின்றபோது நிழல் விழுந்த இடத்தையும் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ஓடியிருந்தன. அதற்குள் வழியைச் சரி செய்துவிட்டார்கள். டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். கண்டக்டர் கத்துகிறார்: "டீச்சரம்மா, வேரு எங்கியும் போவாது! பஸ்ஸு போயிடும்!"

மறுநாள் காலை அடுப்பு பற்றவைக்கும்போது சொன்னார்: "நாம தப்பா சொல்லிக் குடுத்துட்டோம் டீச்சர்."

"நாமன்னா? நீங்க அறிவியல், நான் கணக்கு" என்றேன்.

அன்றிலிருந்து 'நாம' போய்விட்டது. 'நான்' என்றுதான் சொன்னார்.

அடுத்த இரண்டு மாதம் மலையில் எங்கே மரம் விழுந்தாலும் போய்ப் பார்த்தார். சின்னக் கன்றுகளைத் தோண்டினார். கன்றுக்கு ஆணி வேர் இருந்தது, புத்தகத்தில் இருந்த மாதிரியே. பெருத்த மரங்களை ஒரு முழ மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடின வேர்கள்தான் நாலு பக்கமும் இழுத்துப் பிடித்திருந்தன. "நம்ம மலையில அடியில பாறை. ஆணி எங்க எறங்கும்? பக்கத்து வேருதான் டீச்சர் மரத்த நிக்க வெக்குது" என்றார். புதிதாக ஒரு சார்ட் வரைந்து கொடுக்கச் சொன்னார். முடியாது என்றேன். அவரே வரைந்தார். மரம் பார்ப்பதற்கு என் உடைந்த குடை போலவே இருந்தது. வெட்கமில்லாமல் அதை மாட்டினார்.

அதோடு விட்டாரா? படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் நோட்டையெல்லாம் திருத்த வேண்டுமாம். சனிக்கிழமை தவறாமல் சிவப்புப் பேனாவோடு கிளம்பினார். கரடி திரிகிற ஒற்றையடிப் பாதையில் அவரைத் தனியாக அனுப்ப முடியுமா? நானும் போனேன், சபித்துக்கொண்டே. பெரும்பாலான வீடுகளில் நோட்டு அடுப்புக்குப் போயிருந்தது. ஏர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மாணவன் ஒருவன் மாட்டை நிறுத்திவிட்டு, "இதுக்கா டீச்சர் இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றான். "இதுக்குத்தான்டா" என்றார். சாமைக் கஞ்சி குடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தோம்.

எங்கேயாவது நோட்டு கிடைத்தால் அவர் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? மூலையில் இருக்கிற என் பெயரைச் சிவப்பு மையால் ஒன்றும் தெரியாதபடி பூசுவார். அதற்கப்புறம்தான் படத்துக்கு வருவார். எனக்கு வயிறு எரிந்தது. படத்தைத் திருத்தட்டும், என் பெயர் என்ன பாவம் செய்தது? மை விஷயத்தில் சண்டை போட்டதை மனசில் வைத்துக்கொண்டு பழி தீர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மல்லிகா வீட்டுக்குப் போனோம். முதல் செட்டில் படித்த பெண். கெட்டிக்காரி. புகுந்த வீட்டில் பத்தாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். ஓட்டு வீடு. வீட்டுக்கு மேல்புறம் மேட்டில் பெரிய பலா மரம். டீச்சர் படலைத் தாண்டியதும் நின்றுவிட்டார். மரத்துக்கு மேல்பக்கத்து மண்ணை வெட்டிச் சமன் செய்திருந்தார்கள், மாட்டுக்கொட்டகை போடுவதற்காக. வெட்டுப்பட்ட வேர்முனைகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் தொடைப் பருமன். மழை ஈரத்தில் மரம் வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்த மாதிரியும் எனக்குத் தோன்றியது.

"யாரு வெட்டச் சொன்னது?"

மல்லிகாவின் மாமனார் பெருமையாக மருமகளைக் காட்டினார். "நான் வாணான்னுதான் சொன்னேன் டீச்சரம்மா. இதுதான் நோட்ட எடுத்துக் காமிச்சுது. நேரா ஒரு வேரு கீழ போவுது, அதுதான் மரத்தத் தாங்குது, பக்கத்துல கீறது தண்ணி குடிக்கத்தான், வெட்டுனா ஒண்ணும் ஆவாதுன்னு படத்தோட சொல்லிச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்ச புள்ள சொல்லுது, சரின்னு வெட்டிட்டோம்."

மல்லிகா உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டைக் கொண்டுவந்தாள். அட்டை போட்டு வைத்திருந்தாள். பலா மரம், காய்கள், சார்ட்டின் அடிவரை இறங்குகிற ஆணி வேர், மூலையில் என் பெயர், 'மிக நன்று'. டீச்சர் வழக்கம் போல முதலில் மூலையைச் சிவப்பாகப் பூசினார். பிறகு படத்தின் மேல் குறுக்கே கோடு இழுத்தார்.

"மல்லிகா, வூட்ட இன்னிக்கே காலி பண்ணுங்க. இந்த மரம் நிக்காது."

"நீங்கதான டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது தப்பு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க, இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. இதயாவது நீங்க பாத்தீங்களா, இல்ல சொல்றீங்களா?"

வகுப்பில் தினம் கேட்டு வளர்ந்த கேள்வி. அவரிடமே திருப்பிவிட்டாள். நான் டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதப் பாத்தேன்மா. அதப் பாக்கல. பாக்காம சொன்னேன்" என்றார்.

மாமனார் நம்பவில்லை. ஐப்பசி மழையில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றார். டீச்சர் கொல்லையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துவந்தார். மரத்தின் தூரை ஒட்டினாற்போல, வெட்டின பள்ளத்திலிருந்து அடியை நோக்கி ஓங்கிக் குத்தினார். ணங் என்றது. அரை முழம் தள்ளிக் குத்தினார். ணங். மூன்றாவது தடவை கிழவரே கடப்பாரையை வாங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் என்னவென்று டீச்சரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கடப்பாரையைப் போட்டுவிட்டு, "அம்மாடி, புள்ளையத் தூக்கிக்கினு தம்பி வூட்டுக்குப் போ" என்றார்.

நாலாவது நாள் மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்து வந்தது. மரம் வீட்டின் மேலேயே விழுந்தது. ஓடு, சுவர், அடுப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே யாரும் இல்லை.

மலை முழுக்க டீச்சர் வாக்குப் பலித்துவிட்டது என்ற பேச்சு. எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். என் வூட்டு மரம் நிக்குமா டீச்சரம்மா, என் பொண்ணுக்குக் கல்யாணம் எப்போ டீச்சரம்மா. டீச்சர் எரிந்து விழுந்தார். "நான் குறி சொல்லலீங்க! நான் தப்பு பண்ணதாலதான் அந்த வூடே போச்சு!" யாரும் காதில் வாங்கவில்லை. தப்பு செய்தேன் என்று ஒருத்தர் தொண்டை கிழியக் கத்தியும் அதை அடக்கம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மல்லிகா மட்டும் கும்பிடவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"வூடு போனதுக்கு மாமா ஒண்ணும் சொல்லல டீச்சர். கட்டிக்கலாம்னாரு. ஆனா இனிமே நான் எது சொன்னாலும் அந்த வூட்ல யாரும் கேக்க மாட்டாங்க. புள்ளைக்கு ஊசி போடணும்னேன். உன் படிப்புதான் தெரியுதேன்னுட்டாங்க எங்க அத்தை."

டீச்சர் அந்தச் சனிக்கிழமை வரட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் மறுநாளே லீவு போட்டார்.

அதற்கடுத்த ஜூனில் அவருக்கு மலையை விட்டுக் கீழ்நாட்டுக்கு மாற்றல் வந்தது. இரண்டு வருஷம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் நின்றுவிட்டது. இப்போது அவர் இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை, சொல்கிறார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது அந்த லீவு நாள்தான்.

இடிந்த வீட்டின் முன்னால், அறுத்துப் போட்ட பலாக்கட்டைகளின் மேல் மாமனார், மாமியார், மல்லிகாவின் புருஷன், அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா தள்ளி நின்றாள். டீச்சர் அவளிடமிருந்து நோட்டை வாங்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிரித்துப் பிடித்தார்.

"இந்தப் பொண்ணு ஒரு எழுத்து பிசகாம நான் சொன்னதச் சொல்லிச்சு. நான் போட்ட படத்தப் பாத்துத்தான் இத வரைஞ்சுது. பிசகு அதும் மேல இல்லீங்க, என் மேல. இதவிட நல்லாப் படிச்ச புள்ள என்கிட்ட இல்ல. ஊசி போடணும்னு சொன்னா போடுங்க. அது சரியாத்தான் சொல்லும்."

நான் போட்ட படம் என்றார். அவருக்குக் குடையை மரம் மாதிரியும் மரத்தைக் குடை மாதிரியும்தான் வரையத் தெரியும். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கிழவர் எழுந்து வந்து நோட்டை உற்றுப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு எழுத்து தெரியாது, கறை தெரியும். மூலையில் விரலை வைத்தார்.

"இங்க இன்னாவோ எழுதி அடிச்சாப்பல கீதே டீச்சரம்மா. யாரு பேருனா போட்டிருந்துச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. மை கொட்டிடுச்சு. என் கை தவறு."

அத்தனை சனிக்கிழமையும் வயிறெரிந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. எந்த ஊரில் யார் நோட்டைப் பிரித்தாலும் அந்தத் தப்புக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கக் கூடாது என்று, மனுஷி பேனாவை எடுத்துக்கொண்டு மலை மலையாக நடந்திருக்கிறார். அந்தப் படம் நான் வரைந்தது, இவர் அப்போதே சந்தேகப்பட்டுக் கேட்டார், நான்தான் கணக்குப் போட்டு வாயடைத்தேன் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூலையில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். எழுதியவளே அவள்தானே.

நான் வாயைத் திறந்தேன்.

"டீச்சர், வாங்க. பஸ் போயிடும்" என்றேன்.